சிங்கப்பூரில் கட்டுமான மாணவரின் ஒரு நாள்: காலை வேலைத்தளம் முதல் இரவுக் குறிப்பு வரை

கல்விப் பயணமாகச் சிங்கப்பூர் போகும் சிவில் பொறியியல் மாணவர்களுக்கு, தொழில் சார்ந்து பார்ப்பதற்கென்று ஒதுக்கப்படுவது பல சமயம் ஒரே ஒரு நாள்தான். அந்த நாளில் ஏழெட்டு இடங்களை அடைத்தால் எதுவும் மனதில் தங்காது. ஒரு வேலைத்தளம், ஒரு மாதிரி நகரம், ஒரு அணைக்கட்டு, கட்டுமானம் சரிந்து உயிர்கள் போன இரண்டு இடங்கள். இவ்வளவு போதும். எங்கே நின்றாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் சுமை இப்போது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அது விலகினால் சுமை எங்கே போகும்?

கீழே உள்ள நேரங்கள் வாரநாளுக்கானவை. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குடியிருப்புகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் 150 மீட்டருக்குள் இருக்கும் தளங்களில் ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் வேலை செய்ய விதி இடம் தருவதில்லை. நண்பகலில் மாதிரி நகரம் பார்க்கப் போகும் நகரக் காட்சிக்கூடத்துக்கும் அன்று விடுமுறை.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற மின்படிவத்தை நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது அல்ல, மூடிவிடுங்கள். வருகை அனுமதியில் வந்தவர் தளத்தில் எந்த வேலையும் செய்யக்கூடாது. 'ஒரு கம்பி கட்டிப் பாரேன்' என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

வேலைத்தள அனுமதி கல்லூரி வழியாகத்தான் கிடைக்கும். பெயர், கடவுச்சீட்டு எண், காலணி அளவு ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்பச் சொல்வார்கள். தலைக்கவசமும் ஒளிரும் மேலங்கியும் தளத்திலேயே கொடுப்பது வழக்கம். காலணிதான் சிக்கல். இரவல் பூட்ஸ் அளவு ஒத்துவராமல் மதியத்துக்குள் கால் கொப்பளித்துவிடும். முன்பக்கம் எஃகுத் தகடு வைத்த பூட்ஸை ஊரிலேயே வாங்கி, பத்து நாளாவது போட்டுப் பழகிவிட்டு எடுத்துப் போங்கள். முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை கட்டாயம். செருப்போடு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: சட்டைப்பைக்குள் அடங்கும் கட்டமிட்ட நோட்டு, பென்சில் இரண்டு (வியர்வையிலும் மழையிலும் பேனா மை கரையும்), 5 மீட்டர் டேப், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், குடை. அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், அதனால் காலியானதும் நிரப்பிக்கொள்ளுங்கள். உங்கள் நடையின் ஓர் எட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று விடுதி நடைபாதையில் முதல் நாளே அளந்து வையுங்கள். டேப் நீட்ட முடியாத இடத்தில் அதுதான் அளவுகோல்.

ஊர்க் கணக்கும் அந்த ஊர்க் கணக்கும்

நாம் படிப்பது ஐஎஸ் 456, அதாவது இந்தியாவின் கான்கிரீட் வடிவமைப்பு விதிநூல். சிங்கப்பூர் 2015 முதல் ஐரோப்பிய விதிநூலான யூரோகோடுக்கு முழுமையாக மாறிவிட்டது. தளத்தில் தொங்கும் வரைபடத்தை இது தெரியாமல் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கான்கிரீட்டை 'சி32/40' என்று குறித்திருப்பார்கள். முதல் எண் உருளை மாதிரியின் வலிமை, இரண்டாவது கனசதுர மாதிரியின் வலிமை. நம் எம்40 கான்கிரீட்டின் எண்ணும் கனசதுர வலிமைதான், அதனால் அதோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவது எண்ணை. முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு 'இங்கே எம்32 போடுகிறார்கள்' என்று அறிக்கையில் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கம்பியில் 'எச்13', 'எச்16', 'எச்20' என்று பார்ப்பீர்கள். எழுத்து கம்பியின் வகை, எண் விட்டம். கவனிக்க வேண்டியது 13. நம் ஊரில் 12 மி.மீ. ஓடும் இடத்தில் அங்கே 13 மி.மீ. ஓடுகிறது. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்: 12-க்கு 0.89, 13-க்கு 1.04. ஒரு மி.மீ. வித்தியாசம், எடையில் 17 சதவீதம். கம்பி அட்டவணையை ஒப்பிடும்போது இதை விட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் தவறும்.

காலை 7.30 முதல் 11 வரை: முன்வார்ப்பு வேலைத்தளம்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கியது. நாட்டின் பெரும்பாலான மக்கள் இன்று குடியிருப்பது அது கட்டிய அடுக்குமாடிகளில்தான். அங்குள்ள தமிழ் நாளிதழ் அதை 'வீவக' என்று சுருக்கி எழுதும். வீவக தளங்களில் சுவர், தளப்பலகை, குளியலறை என்று பெரும்பகுதி தொழிற்சாலையில் வார்த்து லாரியில் வருகிறது. அதனால் செண்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றும் காட்சியைக் குறைவாகவும், தூக்கி வைத்து இணைக்கும் காட்சியை அதிகமாகவும் பார்ப்பீர்கள். உங்கள் கவனம் முழுக்க அந்த இணைப்பில் இருக்கட்டும்.

காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிற்பகலில் இடி மழை வரும் ஊர் அது. மின்னல் எச்சரிக்கை வந்தால் கிரேன் நின்றுவிடும். வந்த வேலை கண்ணில் படாமலே போய்விடும்.

வாசலில் பாதுகாப்பு விளக்கம் முடிந்து கையெழுத்து போட்ட பிறகு உள்ளே விடுவார்கள். அபாயப் பலகைகள் பல தளங்களில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளில் இருக்கும். தமிழில் எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அந்தக் கம்பிகளைக் கட்டுபவர்களில் புதுக்கோட்டைக்காரரும் சிவகங்கைக்காரரும் இருக்கிறார்கள்.

ஒரு சுவர்ப்பலகை ஏறி அமர்வதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே இடத்தில் நின்று பாருங்கள். தளம் முழுக்க ஒரு சுற்று சுற்றுவதைவிட இது பல மடங்கு பயன் தரும். வரிசை இப்படிப் போகும்.

1. லாரியில் பலகை நிமிர்ந்த நிலையில், சாய்வுச் சட்டத்தில் கட்டப்பட்டு வரும். நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு எடையைக் கணக்கிடுங்கள். 4 மீ × 3 மீ × 0.15 மீ என்றால் 1.8 கனமீட்டர், கனமீட்டருக்கு 2.5 டன் வீதம் 4.5 டன்.

2. தூக்குவதற்கு முன் மூன்று பேரை அடையாளம் காணுங்கள்: தூக்கும் வேலையின் மேற்பார்வையாளர், கட்டி மாட்டும் ரிக்கர், கைச்சைகை காட்டும் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுநர் பார்ப்பது ஒருவருடைய சைகையை மட்டுமே. இரண்டு பேர் சைகை காட்டினால் அங்கே ஏதோ சரியில்லை.

3. கயிற்றின் கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுங்கள். இரண்டு கயிறுகளில் தொங்கும் 4.5 டன் பலகைக்கு, கயிறு கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 2.6 டன் இழுவிசை. 45 பாகையில் 3.2 டன். 30 பாகையில் 4.5 டன்; அதாவது ஒவ்வொரு கயிறும் முழுப் பலகையின் எடையைச் சுமக்கிறது. குட்டைக் கயிற்றில் தூக்குவது ஏன் ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அகலமான பலகைக்கு மேலே ஒரு இரும்பு உத்திரம் வைத்துக் கயிறுகளைச் செங்குத்தாக இறக்குவதும் இதற்காகவே.

4. கீழ்த்தளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், பலகையின் அடியில் புதைத்த எஃகுக் குழல்களுக்குள் நுழைய வேண்டும். உட்காரும் இடத்தில் தகடுகளை அடுக்கி மட்டம் பார்த்திருப்பார்கள். கம்பி ஓரிரு சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் நுழையாது. அப்போது கம்பியை வளைப்பதும் அறுப்பதும் பெரும் தவறு. பொறியாளரிடம் கேட்டு மாற்று இணைப்பு போட வேண்டும்.

5. பலகை அமர்ந்ததும் குறைந்தது இரண்டு சாய்வு முட்டுகளை மாட்டி, அவற்றைத் திருகித் தூக்குமட்டம் சரிசெய்து, அதன் பிறகே கிரேன் கொக்கியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையைக் கண்ணிமைக்காமல் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம். 12 சதுர மீட்டர் பலகைக்கு 560 கிலோவுக்கு மேல். அதைத் தாங்குவது அந்த இரண்டு முட்டுகளும், அவற்றைத் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் மட்டுமே.

6. அடி இடைவெளியின் ஓரங்களை அடைத்துவிட்டு, இடைவெளியை நிரப்பும் சுருங்காத சிமென்ட் கலவையான கிரவுட்டைக் குழலின் கீழ்த்துளை வழியாகப் பம்ப் செய்வார்கள். மேல்துளையில் குமிழி இல்லாமல் கெட்டியாக வழிந்ததும் அதை மூடி, அடுத்த குழலுக்குப் போவார்கள்.

ஆறாவது படியில்தான் கோளாறுகள் ஒளிந்திருக்கும். குழலுக்குள் தூசி அடைத்திருந்தால் மேல்துளைக்குக் கிரவுட் வராது. ஓர அடைப்பு கசிந்தால், மேலே வந்து நின்ற கிரவுட் சிறிது நேரத்தில் கீழே இறங்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே கம்பி பாதி நீளம் வெற்றிடத்தில் நிற்கும். கலந்து நேரமாகிப் போன கிரவுட்டில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் வலிமை போய்விடும். எனவே கேட்க வேண்டிய கேள்விகள்: ஒரு மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், கலந்து எத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், சோதனைக் கனசதுரம் எத்தனை எடுக்கிறீர்கள், எந்த வலிமை வந்த பிறகு சாய்வு முட்டுகளைக் கழற்றுகிறீர்கள்? நல்ல தளப் பொறியாளர் இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் மலர்ந்து பேச ஆரம்பிப்பார்.

வெளிச்சுவர்களின் இணைப்பிடுக்கையும் பாருங்கள். உள்ளே நுரைக்கயிறு வைத்து அதன்மேல் சீலண்ட் என்ற ரப்பர் போன்ற அடைப்புப் பசையைப் போடுவார்கள். சீலண்ட் இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்ட வேண்டும், பின்புறம் ஒட்டக்கூடாது. மூன்று பக்கமும் ஒட்டினால் வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது நீள இடமில்லாமல் கிழியும். மழைநீர் உள்ளே வருவது அந்தக் கிழிசல் வழியாகத்தான்.

சில தளங்களில் முழு அறையே வரும். தரை ஓடு, சன்னல், குழாய் எல்லாம் பொருத்தி முடித்த கான்கிரீட் பெட்டி. இந்த முறையில் எழுந்த 'கிளெமென்ட் கேனோபி' 40 மாடி இரட்டைக் கோபுரம், 2019-இல் முடிந்தது. அதன் பெட்டிகள் மலேசியாவின் செனாயில் வார்க்கப்பட்டு, சிங்கப்பூரின் துவாஸில் உள்வேலை முடிந்து தளத்துக்கு வந்தன. பெட்டி ஒவ்வொன்றும் இருபது டன்னைத் தாண்டக்கூடும் என்பதால் கிரேனைத் தேர்ந்த பிறகுதான் அறையின் அளவையே முடிவு செய்ய முடியும். லாரியோடு சேர்த்து 4.5 மீட்டர் உயரத்துக்குள் அடங்க வேண்டும் என்ற சாலை விதியும் கூரை உயரத்தில் கை வைக்கும்.

வெளியே வரும்போது வடிகாலைப் பாருங்கள். தளத்திலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் தண்ணீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்காக வண்டல் தொட்டி, சுத்திகரிப்பு இயந்திரம், சரிவின் மேல் போர்த்திய தாள் என ஒரு தனி ஏற்பாடே இருக்கும். கொசு வளரும் என்பதால் தேங்கிய நீருக்கும் அபராதம் உண்டு. நம் பாடத்திட்டம் அவ்வளவாகத் தொடாத பகுதி இது, குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர்களிடம் பேச ஆசையாக இருக்கும், பேசுங்கள். தேநீர் இடைவேளையில், 'அண்ணே, எத்தன வருசமா இங்க இருக்கீங்க?' என்று தொடங்கலாம். சுமை தொங்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். மேற்பார்வையாளர் முன்னால் சம்பளத்தைக் கேட்காதீர்கள். முகம் தெரியும்படி படம் எடுக்காதீர்கள். நீங்கள் அடுத்த வாரம் ஊர் திரும்பிவிடுவீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

நண்பகல்: மேக்ஸ்வெல் சாலை

மேக்ஸ்வெல் உணவு நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கட்டடத்தில் உள்ள சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்துக்குப் போங்கள். அனுமதி இலவசம். மைய நகரத்தின் பெரிய மாதிரி 1:400 அளவில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் நான்கு மீட்டர். கடலைத் தூர்த்து எடுத்த நிலம் எது என்று அதில் அடையாளம் காணுங்கள். பிற்பகலில் போகப்போகும் மரினா பே முழுக்க அப்படி வந்ததுதான்.

அங்கிருந்து நடை தூரத்தில் 'பினக்கல் அட் டக்ஸ்டன்': ஏழு கட்டடங்கள், 50 மாடி, 1,848 வீடுகள், 2009-இல் முடிந்த வீவக குடியிருப்பு. முன்வார்ப்புப் பாகங்களால் ஆனது. 26-ஆம், 50-ஆம் மாடிகளில் வான்பாலங்கள் கட்டடங்களை இணைக்கின்றன. மேலே ஏறக் கட்டணமும் ஆள் வரம்பும் உண்டு. நேரமில்லை என்றால் கீழிருந்தே பார்த்தாலும் ஒன்று புரியும்: ஒவ்வொரு கட்டடமும் காற்றில் தனித்தனியாக அசையும், அதனால் பாலம் இரு முனையிலும் இறுக்கமாகப் பிணைக்கப்பட முடியாது. இணைப்பு எங்கே நகர விடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

பிற்பகல் 3: மரினா அணைக்கட்டு

மேக்ஸ்வெல் நிலையத்தில் தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் ஏறினால் மாறாமலே 'கார்டன்ஸ் பை தி பே' நிலையம். ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. தண்ணீரும் இதில் சேர்த்தி, அபராதம் 500 டாலர் வரை.

2008-இல் திறந்த இந்த அணை, 350 மீட்டர் அகல வாய்க்காலைக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஒன்பது எஃகுக் கதவுகள், ஏழு பம்புகள். வேலை செய்யும் விதம் எளிமையானது. கனமழையின்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் கதவுகள் தணிந்து, தண்ணீர் தானாக வழியும். கடல் ஏற்றத்தில் இருந்தால் கதவைத் தணிக்க முடியாது, கடல்நீர் உள்ளே வந்துவிடும். அப்போது பம்புகள் ஓடும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கனமீட்டர், ஏழும் சேர்ந்தால் 280 கனமீட்டர். 2,500 கனமீட்டர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தை ஒன்பதே நொடியில் காலி செய்யும் வேகம். நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு மழைநீர் இங்கே வந்து சேர்கிறது என்பதை நினைத்தால் அந்த வேகத்தின் தேவை விளங்கும். அணைக்குப் பின்னால் தேங்கும் ஏரி நீர் குடிநீராகிறது, தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் தணிகிறது, மேற்கூரை புல்வெளியாகிப் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையையும் கடல் ஏற்றத்தையும் ஒரே நாளில் சந்திக்கும் சென்னையிலிருந்து வருபவர்கள் இங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கூரைமேல் நின்றால் மரினா பே சாண்ட்ஸ் தெரியும். 55 மாடிக் கோபுரங்கள் மூன்று, மேலே 340 மீட்டர் நீளப் பூங்கா, அதில் 66 மீட்டருக்கு மேல் அந்தரத்தில் நீளும் முனை. எல்லோரும் அந்த முனையைப் படம் எடுப்பார்கள். நீங்கள் கோபுரத்தின் காலைப் பாருங்கள். அதிகபட்சமாக 26 பாகை சாயும் கால், செங்குத்துக் காலோடு சேர்வது 23-ஆம் மாடியில். அதுவரை அது தானாக நிற்காது. கட்டும்போது தற்காலிக முட்டுகளும், சுவருக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்களும்தான் அதைத் தாங்கின. முடிந்த கட்டடத்தில் அவற்றின் சுவடே கண்ணில் படாது. காலையில் பார்த்த சாய்வு முட்டின் வேலைதான் இது, அளவு மட்டும் பெரிது.

மாலை: சரிந்த இடங்கள்

வட்ட ரயில் பாதையில் நிக்கல் நெடுஞ்சாலை நிலையம். 2004 ஏப்ரல் 20 அன்று, இந்த ரயில் பாதைக்காகத் தோண்டிய சுமார் 30 மீட்டர் ஆழக் குழி சரிந்து நால்வர் இறந்தனர். நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் குழிக்குள் போனது. நிலையத்தையே பிறகு இடம் மாற்றிக் கட்டினார்கள்.

மண் அங்கே மென்மையான கடற்களிமண். குழியின் இரு பக்கமும் கான்கிரீட் உதரவிதானச் சுவர், அதாவது தோண்டும் முன்பே மண்ணுக்குள் வார்த்த தடுப்புச் சுவர். அவை உள்ளே சாயாமல் குறுக்கே அடுக்கடுக்காக எஃகு முட்டுகள். ஒன்பதாவது அடுக்கு போட்டு, பத்தாவதுக்காகத் தோண்டும்போது சரிந்தது. காரணங்கள் இரண்டு கூடின. களிமண்ணின் வலிமையை மென்பொருளில் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் முறையில் கணக்கிட்டதால், சுவரில் வரும் விசையும் வளைவும் குறைவாக வந்தன. இன்னொன்று, முட்டும் அது போய் முட்டும் நீள உத்திரமும் சேரும் மூட்டு. அங்கே தகடுகளுக்குப் பதில் வைத்த சி வடிவச் சட்டங்கள், சுமை தாண்டியதும் மெதுவாக வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று பிடி விட்டன. ஒன்பதாவது அடுக்கு கைவிட்ட சுமை எட்டாவதுக்குத் தாவியது, அதற்கும் தாங்கும் திறன் இல்லை. அளவுக் கருவிகள் சுவர் நகர்வதை முன்பே காட்டிக்கொண்டிருந்தன. வரம்பு தாண்டியபோது வேலையை நிறுத்தாமல் வரம்பை உயர்த்தினார்கள். இந்த ஒரு வரியை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டோபி காட் நிலையத்தில் வடகிழக்கு ரயில் பாதைக்கு மாறி ஃபேரர் பார்க்கில் இறங்குங்கள். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஆறு மாடி நியூ வோர்ல்ட் ஹோட்டல், 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தனர், 17 பேரை உயிரோடு மீட்டனர். வெடிகுண்டோ எரிவாயுவோ அல்ல. கட்டமைப்பு வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையே சேர்க்கப்படவில்லை. ஆட்களும் சாமான்களும் கணக்கில் இருந்தன. தூணும் தளமும் சுவரும் இல்லை. கட்டி முடித்த 1971 முதல் பதினைந்து ஆண்டுகள் தூண்கள் தாங்கும் திறனின் விளிம்பில் நின்றிருக்கின்றன. இதன் பிறகே, 1989-இன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், ஒருவர் வடிவமைத்ததை இன்னொரு தகுதி பெற்ற பொறியாளர் சுயேச்சையாகச் சரிபார்க்க வேண்டும் என்ற முறையும், நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஆய்வு செய்யும் முறையும் வந்தன. இப்போது அங்கே வேறு கட்டடம் நிற்கிறது, கவனித்துப் பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் போங்கள். முதலாண்டில் 'தன் எடை' என்று மனப்பாடம் செய்த வரி அங்கே நிற்கும்போது வேறு மாதிரி கேட்கும்.

இரவு உணவுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா நடை தூரம்தான்.

இரவு 9: ஒரு மணி நேரம்

தூங்குவதற்கு முன் எழுதாதது ஊர் போய் எழுத வராது. வேலைத்தளத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் சுவர்ப்பலகை இணைப்பின் குறுக்குவெட்டுப் படம், கையால் வரைந்தது, அளவுகளோடு. நேரில் பார்த்த அளவுக்கு ஒரு குறியும், கேட்டறிந்ததற்கு வேறு குறியும், உங்கள் மதிப்பீட்டுக்கு மூன்றாவது குறியும் போடுங்கள். இவை கலந்துவிட்டால் அறிக்கையில் எது உண்மை என்று உங்களுக்கே தெரியாது. வலப்பக்கம் மூன்று கணக்குகள்: கயிற்றின் இழுவிசை, முட்டின் மேல் காற்று, 12-க்குப் பதில் 13 மி.மீ. கம்பி போட்டால் ஒரு மாடிக்குக் கூடும் எடை.

படங்களை அன்றிரவே பெயரிட்டுச் சேமியுங்கள். தளத்தில் எடுத்தவற்றைச் சமூக ஊடகத்தில் போடும் முன் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பல இடங்களில் அனுமதிக் கடிதத்திலேயே இது இருக்கும், படிக்காமல் கையெழுத்திட்டிருப்பீர்கள். பதில் கிடைக்காத கேள்விகளை ஐந்துக்கு மிகாமல் எழுதி, நன்றியோடு தளப் பொறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமான பட்டியலுக்குப் பதில் வராது. ஒவ்வொரு கேள்வியிலும் எந்த மாடி, எந்த இணைப்பு, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று குறிப்பிட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.